வெட்டவெளியில் கிடந்த பிள்ளை



வேதபாடப் பகுதி: எசேக்கியேல் 16:1–14
துணை வாசிப்பு: யாத்திராகமம் 1:15–21, யோபு 31:13–15, மத்தேயு 18:1–14

இந்த இதழின் பாடத்துக்கு நாம் எடுத்திருக்கும் பகுதி சபை ஆராதனைகளில் அதிகம் வாசிக்கப்படுவதில்லை. வேதாகமத்தைத் திறந்து, முதல் பதினாலு வசனங்களையும் ஒரு முறை நிதானமாக வாசித்துவிட்டுத் தொடரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

இது எருசலேமைக் குறித்து எசேக்கியேல் தீர்க்கதரிசிக்கு அருளப்பட்ட உவமை. பிறந்த அன்றே வெட்டவெளியில் எறியப்பட்ட ஒரு பெண் பிள்ளையை அவர் நம் கண்முன் வைக்கிறார். நாலாம் வசனம் பிரசவ அறையில் வேலை பார்த்தவர் எழுதியதுபோல இருக்கிறது. செய்ய வேண்டிய நான்கு காரியங்கள் அந்தப் பிள்ளைக்குச் செய்யப்படவில்லை. தொப்புள்கொடி அறுக்கப்படவில்லை, தண்ணீரால் கழுவப்படவில்லை, உப்பு தடவப்படவில்லை, துணியில் சுற்றப்படவில்லை. (உப்பு தடவுவது அந்தக் காலத்து வழக்கம்; இன்று அதைச் செய்யக்கூடாது. பிறந்தவுடன் குளிப்பாட்டுவதும் இப்போது இல்லை. ஈரம் போகத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்து வைக்கிறார்கள் நம் செவிலியர்கள்.) யாரும் அந்தப் பிள்ளையை அடித்ததாகவோ நெரித்ததாகவோ சொல்லப்படவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார்கள்; அதுவே அதன் உயிரைப் போக்கப் போதுமாயிருந்தது.

அந்த வழியே கடந்துபோன கர்த்தர், இரத்தத்தில் கிடந்த அந்தப் பிள்ளையைக் கண்டு, பிழைத்திரு என்றார். அதோடு அவர் போய்விடவில்லை. ஏழாம் வசனத்திலிருந்து பாருங்கள். வளரப்பண்ணினார், மூடினார், கழுவினார், எண்ணெய் பூசினார், உடுத்தினார், உணவளித்தார்.

இந்தப் பாடம் சொல்ல வருவது இதுதான்: பிறந்த பிள்ளையின் உயிர்மேல் உள்ள உரிமை மனிதர் கொடுத்தது அல்ல, ஆகையால் மனிதர் எடுக்கவும் கூடாது. ஆனால் இதை வாயினால் அறிக்கைசெய்கிறவர்கள், அந்தப் பிள்ளையைக் கழுவி, உடுத்தி, வளர்க்கிற பாரத்திலும் பங்கெடுக்கக் கடனாளிகளாயிருக்கிறார்கள்.

1. எறிந்தவர்கள் யார்?

பிள்ளையை எறிகிறவர்கள் மிருகங்களைப் போன்றவர்கள் என்று எண்ணிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. எகிப்து தேசத்தில் கிடைத்த ஒரு பழைய கடிதம் உண்டு. கி.மு. 1-ஆம் ஆண்டில் இலாரியோன் என்ற கூலிக்காரர் ஊரிலிருந்த தம் மனைவிக்கு எழுதியது. வீட்டிலிருக்கும் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள், சம்பளம் வந்ததும் பணம் அனுப்புகிறேன், கவலைப்படாதே என்று பாசத்தோடு எழுதுகிறார். அதே கடிதத்தில், பிறக்கப்போவது ஆணாயிருந்தால் வைத்துக்கொள்ளவும், பெண்ணாயிருந்தால் வெளியே போட்டுவிடவும் சொல்லுகிறார். அவர் கொடியவர் அல்ல, மனைவியை நேசித்தவர். ஊர் வழக்கம் அவர் மனச்சாட்சியை உறங்கவைத்துவிட்டது.

நம் தேசத்திலும் அப்படியே. 1789-இல் காசிப் பகுதியில் சில குடும்பங்களில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை ஜொனாத்தன் டங்கன் என்ற ஆங்கில அதிகாரி கண்டறிந்தார். 1795-இல் வங்காள அரசு சிசுக்கொலையைக் கொலைக்குற்றமாக அறிவித்தது. கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில் நேர்த்திக்கடனாகப் பிள்ளைகளைக் கடலில் விடும் வழக்கத்தைக் குறித்து விசாரிக்கும் பொறுப்பு செராம்பூர் மிஷனெரி வில்லியம் கேரியிடம் வந்தது. 1802-இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. 1870-இல் பெண் சிசுக்கொலைத் தடுப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டங்களுக்குக் குறைவில்லை.

ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், உசிலம்பட்டியின் பெயர் தேசமெங்கும் பேசப்பட்டது. 1985-இன் கடைசியில் தமிழ்ப் பத்திரிகையிலும், 1986 ஜூனில் இந்தியா டுடே இதழிலும் அந்தச் செய்திகள் வந்தன. எருக்கம்பால், கள்ளிப்பால், தொண்டையில் நெல்மணி என்ற வார்த்தைகளை அன்று படித்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. 1992-இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. 1994-இல் வெளிவந்த 'கருத்தம்மா' திரைப்படம் இந்தக் கொடுமையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகளே இருந்தார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் அந்த எண் 942. 2011-இல் சேலத்தில் அது 900-ஐத் தாண்டியது. தொட்டிலும், ஊர் ஊராக நடந்த வீதி நாடகங்களும், செவிலியர்களின் கண்காணிப்பும் பலன் தந்தன என்பதற்காக ஸ்தோத்திரிக்கிறோம். அதேவேளையில் ஸ்கேன் கருவி வந்தபின் பிறந்த பின் கொல்லும் பாவம் பிறக்கும் முன்பே நடக்கத் தொடங்கியது. அதனால்தான் 1994-இல் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 2003-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது.

இந்தப் பாவத்தை ஒரு சாதியின் பெயரிலோ ஒரு தாலுகாவின் பெயரிலோ எழுதிவைத்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. வறுமை ஒன்றே காரணம் என்றும் சொல்ல முடியாது. நிலமும் தண்ணீரும் உள்ள வீடுகளிலும் அது நடந்தது. ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழி எந்தச் சாதிக்கும் தனிச்சொத்து அல்ல. மூன்றாவது பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்த வீடுகள் பல ஊர்களில் உண்டு. அந்தப் பெண் பிழைத்தாள், ஆனால் அவளை யாரும் விரும்பவில்லை என்பதைத் தன் பெயரிலேயே ஆயுசு முழுவதும் சுமந்தாள்.

தென்காசிப் பக்கம் அந்த மாவட்டங்களின் வரிசையில் பேசப்படவில்லை. அதனால் நாம் குற்றமற்றவர்கள் என்று கைகழுவலாமா? நம் சபைகளில் கலியாண ஓலை வாசிக்கப்படுவதற்கு முன்னே, இரு வீட்டாரும் உட்கார்ந்து எத்தனை பவுன் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். 1961 முதல் வரதட்சணை சட்டப்படி குற்றம். ஆனாலும் ஞானஸ்நானம் பெற்று, நற்கருணை எடுத்து, காணிக்கை கொடுக்கிற குடும்பங்களில் அது நடக்கிறது. பெண் பிள்ளையைப் பாரம் என்று எண்ணவைப்பது அந்தப் பேச்சுத்தான். எருக்கம்பால் கொடுத்த கை எங்கோ இருந்திருக்கலாம். அந்தக் கையை அப்படிச் செய்யத் தூண்டிய கணக்கு நம் வீடுகளிலும் போடப்படுகிறது.

2. பிள்ளைக்கு உரிமை எங்கிருந்து வருகிறது?

படித்தவர்கள் மத்தியில் வேறொரு வாதமும் உண்டு. அதை நாம் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் அதை வாசிக்கிறார்கள். 1972-இல் மைக்கேல் டூலி என்ற தத்துவப் பேராசிரியர் எழுதிய ஒரு கட்டுரையிலும், 1979-இல் பீட்டர் சிங்கர் எழுதிய நூலிலும் அது விரிவாகச் சொல்லப்பட்டது. 2012-இல் மருத்துவ ஒழுக்கவியல் ஆய்விதழ் ஒன்றில் இரண்டு ஆய்வாளர்கள் அதைத் திரும்பவும் எழுதியபோது உலகமெங்கும் எதிர்ப்பு எழும்பியது.

அவர்கள் வாதத்தை நேர்மையாகச் சொல்வதானால் இப்படி: தான் என்ற உணர்வும், தொடர்ந்து வாழவேண்டும் என்ற விருப்பமும் உள்ளவருக்கே உயிருரிமை உண்டு. பிறந்த பிள்ளைக்கு அந்த உணர்வு இன்னும் வரவில்லை. ஆகையால் கடும் ஊனத்தோடு பிறந்த பிள்ளையைப் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து முடித்துவிட்டால், வளர்ந்த மனிதனைக் கொல்வதற்குச் சமமான தவறாகாது. மனிதர் படும் வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான் இதைச் சொல்லுகிறார்கள் என்பதை நாம் மறுக்கத் தேவையில்லை.

இதற்கு ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிறவர்கள் என்ன பதில் சொல்லலாம்?

முதலாவது, ஆபரேஷன் அறையில் மயக்கமருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் அவருக்குத் தன்னைப் பற்றிய உணர்வும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் அறையிலுள்ள அத்தனை பேரும் அவர் உயிரை மிகவும் கவனமாகக் காக்கிறார்கள். அவருக்கு முன்பு உணர்வு இருந்ததே என்று எதிர்த்துச் சொல்லலாம். இருந்தது உண்மை. இந்தப் பிள்ளைக்கோ இனிமேல் வரப்போகிறது. நேற்றைய நாள் ஒருவரைக் காக்குமானால், நாளைய நாள் மற்றவரைக் காக்காதா?

இரண்டாவது, திறமையை உரிமைக்கு அளவுகோலாக வைத்தால் அந்த அளவுகோல் பிறந்த பிள்ளையோடு நின்றுவிடாது. நினைவு தப்பிய முதியவரையும் அது அளக்கும். நமக்கு அடுத்திருக்கும் விருதுநகர் மாவட்டத்தில், படுக்கையிலான முதியோருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாகவைக்கும் தலைக்கூத்தல் என்ற வழக்கம் 2010-இல் செய்தியாயிற்று. பிள்ளைக்குச் சொன்ன அதே காரணத்தைத்தான் முதியவருக்கும் சொன்னார்கள்: இனி இவரால் என்ன பயன், யாருக்கும் பாரமாக இருக்கவேண்டாமே என்று. தொட்டிலில் தொடங்கிய கணக்கு கட்டிலில் வந்து முடிகிறது.

மூன்றாவதும் முதன்மையானதும் வேதம் காட்டும் பதில். யோபு 31-ஆம் அதிகாரத்தில் யோபு தன் வேலைக்காரரைப் பற்றிப் பேசும்போது, தன்னை உண்டாக்கியவரே அவர்களையும் தாயின் கர்ப்பத்தில் உண்டாக்கினார் என்பதைக் காரணமாகச் சொல்லுகிறார். அவர்களுக்கு என்ன திறமை உண்டு என்று அவர் கேட்கவில்லை. யார் உண்டாக்கினார் என்று மட்டும் பார்க்கிறார். எசேக்கியேலில் கிடந்த பிள்ளையும் கர்த்தரிடம் எதையும் கேட்கவில்லை, அழுததாகக்கூட எழுதப்படவில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு மாத்திரம் உரிமை என்றால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கேட்கத் தெரியாததினால்தான் அவர் அதற்காகப் பேசினார்.

குற்றாலத்துச் சாரல் காலத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போயிருக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். காரில் வந்தவரும், லாரியில் நின்றுகொண்டு வந்தவரும் ஒரே தண்ணீரின்கீழ் தலையைக் கொடுக்கிறார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைத் தகப்பன் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். தண்ணீர் யாரையும் விசாரித்துக்கொண்டு விழுவதில்லை. நம் பரமபிதா மழையை எப்படிப் பெய்யப்பண்ணுகிறார் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னது இங்கே எளிதாக விளங்கும். ஜீவனையும் அவர் அப்படியே கொடுக்கிறார்.

நம் தேசத்தின் அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவில் எல்லா மனிதருக்கும் உயிருரிமையை உறுதிசெய்கிறது. வயதும் திறமையும் அதில் நிபந்தனையாக இல்லை. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, வாழும் உரிமையை அடுத்து, பிறந்தவுடன் ஒரு பெயர் பெறும் உரிமையையும் சொல்லுகிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. பெயர் வைக்கும் முன்னே கொல்லப்பட்ட பிள்ளைகளை நினைத்தால், அந்த இரண்டும் ஏன் அடுத்தடுத்து எழுதப்பட்டன என்பது நமக்கு விளங்கும்.

3. கடினமான கேள்வி

பெண் சிசுக்கொலை பாவம் என்பதில் நம் வாசகர்கள் யாருக்கும் சந்தேகமிராது. நம் வார்டுகளில் வருகிற கேள்வி இன்னும் கடினமானது. முதுகுத்தண்டு மூடாமல் கட்டியோடு ஒரு பிள்ளை பிறக்கிறது. தாய் பீடி சுற்றுகிறவள், தகப்பன் கேரளாவில் கட்டட வேலைக்குப் போகிறவன். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் பாட்டி வராந்தாவில் எங்களை நிறுத்தி, "ஐயா, எங்க காலத்துக்குப் பிறகு இத யாரு பாப்பா?" என்று கேட்டார்கள். ஊசி ஒன்று போட்டு முடித்துவிடலாகாதா என்பதை வாயால் கேட்கவில்லை, முகத்தில் இருந்தது.

அந்தத் தாயாரைக் கொலைகாரி என்று நாம் எண்ணினால் சுவிசேஷத்தை அறியாதவர்களாவோம். அவர்கள் கேட்டது உண்மையான கேள்வி. அதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும்: எது கூடாது என்பது ஒன்று, யார் பார்ப்பார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

எது கூடாது என்பதில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். மூளை உருவாகாமல் பிறந்து, எந்தச் சிகிச்சையாலும் சில மணி நேரமோ சில நாட்களோ மட்டும் இருக்கக்கூடிய பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையை மிஷினோடு இணைத்துச் சாவை நீட்டிக்க வேண்டும் என்று திருச்சபை கட்டளையிடவில்லை. நாங்கள் அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி, சூடாக வைத்து, வலியிருந்தால் வலிக்கு மருந்து கொடுத்து, தாய் விரும்பினால் மடியில் கொடுத்து, பெயரிட்டு ஜெபிக்கிறோம். அது சாவை ஏற்றுக்கொள்வது. சாகும்படி செய்வது வேறு.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன நேரிடும் என்பதற்கு 1982 ஏப்ரலில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நடந்த சம்பவம் சாட்சி. டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளை பிறந்தது. அதன் உணவுக்குழாய் இரைப்பையோடு சேராமலிருந்தது. ஆபரேஷனால் சரிசெய்யக்கூடிய குறை அது. ஆனால் டவுன் சின்ட்ரோம் என்பதினால் பெற்றோர் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. நீதிமன்றமும் அதை அனுமதித்தது. பாலில்லாமல் ஆறு நாளில் பிள்ளை இறந்துபோயிற்று. யாரும் அதை அடிக்கவில்லை, நெரிக்கவில்லை. எசேக்கியேலின் நாலாம் வசனம் அங்கே அப்படியே நடந்தது. அந்தச் சம்பவத்தின் விளைவாக 1984-இல் அமெரிக்காவில், ஊனமுற்ற சிசுக்களுக்குத் தேவையான சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று சட்டத் திருத்தம் வந்தது.

ஆகையால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இந்தச் சிகிச்சையை வேண்டாம் என்கிறோமா, இந்தப் பிள்ளையை வேண்டாம் என்கிறோமா? சிகிச்சை பயனற்றதாயிருந்தால் விட்டுவிடலாம். பிள்ளையைப் பயனற்றது என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

4. யார் பார்ப்பார்கள்?

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது உண்மைதான். ஆனால் மரம் வைத்தவர் தண்ணீர்க் குடத்தை யார் கையிலாவது கொடுத்துத்தான் அனுப்புகிறார். அந்தப் பாட்டியிடம் பழமொழியைச் சொல்லிவிட்டு நாம் காப்பி குடிக்கப் போய்விட்டால், குடம் கிணற்றடியிலேயே கிடக்கும்.

யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் குடத்தை எடுத்தவர்கள் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள். பார்வோன் ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்னான். அவர்கள் தேவனுக்குப் பயந்து உயிரோடே காப்பாற்றினார்கள். வேதம் அந்தப் பார்வோனின் பெயரை எழுதவில்லை. மருத்துவச்சிகள் இருவரின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறது.

நம் திருநெல்வேலிச் சீமையிலும் அப்படிச் சிலர் உண்டு. 1901-இல் கோயில் ஊழியத்துக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் தஞ்சமாக வந்தாள். பின்பு கைக்குழந்தைகளும் வரத் தொடங்கினார்கள். டோனாவூரில் தாய்ப்பாலும் இல்லை, பக்கத்தில் டாக்டரும் இல்லை. ஆரம்ப வருஷங்களில் சில பிள்ளைகள் இறந்துபோனார்கள். பொறுப்பைத் தட்டிக் கழிக்காமல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அருகே கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வைத்தார்கள். அதை நடத்தியவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. அம்மையாரின் பெயரை உலகம் அறியும். இராத்திரி முழுவதும் பால் புகட்டியவர்கள் பொன்னம்மாளும் அவருடன் இருந்த சகோதரிகளும்.

இன்று நம் பக்கத்திலேயே, ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அதைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அது கிறிஸ்தவ ஸ்தாபனம் அல்ல. ஆனால் ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பயிற்சி கொடுத்து, நடக்கவும் படிக்கவும் வைக்கிற வேலையை அங்கே செய்கிறார்கள். தன் கையைத் தானே தூக்க முடியாத ஒருவர் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார் என்பதே, திறமையை வைத்து உயிரை அளப்பவர்களுக்குப் போதுமான பதில்.

"யாரு பாப்பா?" என்ற கேள்விக்கு நம்மால் கொடுக்கக்கூடிய பதில்கள் சிலவற்றைச் சொல்லுகிறோம். வாசகர்கள் தங்கள் ஊரில் இவற்றை எடுத்துச் சொல்லலாம்.

பிள்ளையை வளர்க்கவே முடியாது என்ற நிலையிலுள்ள தாய்க்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசமும் உண்டு. தெரிந்தவர் மூலமாகப் பிள்ளையில்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுவது அன்பின் செயலாகத் தோன்றினாலும் சட்டப்படி தவறு, பிள்ளைக்கும் ஆபத்து. கைவிடப்பட்ட பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

பிரசவித்த தாயின் மனநிலையைக் கவனியுங்கள். சில தாய்மார் பிள்ளை பிறந்த சில நாட்களில் ஆழ்ந்த மனச்சோர்வுக்குள் போகிறார்கள். தூக்கமில்லை, பிள்ளையைப் பார்க்கப் பிடிப்பதில்லை. அது பிசாசும் அல்ல, பாசக்குறைவும் அல்ல, வியாதி. மருந்தும் துணையும் இருந்தால் குணமாகும். இங்கிலாந்தில் 1922 முதல் தனிச் சட்டம் அப்படிப்பட்ட தாயைக் கொலைக் குற்றவாளியாக அல்லாமல் இரக்கத்தோடு நடத்துகிறது. நம் நாட்டில் அப்படித் தனிப் பிரிவு இல்லை. பிறந்த பிள்ளையைக் கொல்வது கொலைக்குற்றமே. ஆகையால் அந்த நிலைமை வருமுன்னே தாயைத் தாங்குவது நம் பொறுப்பு. பெரும்பாலும் தீர்மானிக்கிறவர்கள் மாமியாரும் கணவனும். கூண்டில் ஏறுகிறவள் தாய் ஒருத்திதான்.

தடுக்கக்கூடியதைத் தடுக்கவேண்டும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுத்து, முதல் மூன்று மாதமும் தொடர்ந்தால் முதுகுத்தண்டுப் பிளவு வெகுவாகக் குறையும். திருமணத்துக்கு ஆயத்தமாகும் பெண்களுக்குச் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

நம் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாவில் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டில் மதிப்புள்ள பெரியவரைக் கூப்பிட்டு, சீனித்தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்வார்கள். தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுக்கவேண்டாம் என்று எங்கள் டாக்டர்கள் அதைத் தடுக்கிறார்கள், அது சரியே. ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது: இந்தப் பிள்ளை எங்களுடையது என்று வீட்டுப் பெரியவர் எல்லார் முன்பாகவும் ஏற்றுக்கொள்கிறார். சீனித்தண்ணீர் வேண்டாம், அந்த ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். பெண் பிறந்தாலும், குறையோடு பிறந்தாலும், சபை மூப்பர் ஒருவர் அந்த வீட்டுக்கு முதல் வாரத்திலேயே போய் பிள்ளையைக் கையில் வாங்கி ஜெபித்தால், ஊர் வாய் பாதி அடங்கும்.

பங்காளர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை எங்கே போகிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லுகிறோம். ஆபரேஷனுக்காக ஒரு பிள்ளையைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது வண்டிச் செலவுக்கும், கூடவே தங்கும் தாயின் சாப்பாட்டுக்கும், பீடி சுற்றப் போகாத நாட்களில் வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளின் அரிசிக்கும் போகிறது. பெரிய காரியங்களாகத் தெரியாது. ஆனால் பாட்டி கேட்ட கேள்விக்கு எங்களிடமிருந்த பதில் அந்த அரிசிதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை நாம் சேர்ந்து பார்ப்போம் அம்மா என்று எங்களால் சொல்ல முடிந்தது.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. எசேக்கியேல் 16:4–5-இல் செய்யப்படாமல் விடப்பட்ட காரியங்கள் எவை? செய்யாமல் விடுவதினால் நாம் இன்று யாருக்குத் தீங்கு செய்கிறோம்?
2. சிகிச்சையை மறுப்பதற்கும் பிள்ளையை மறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.
3. நம் சபையில் வரதட்சணையைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசப்பட்டது? ஓலை வாசிக்கும் முன் சபை என்ன செய்யலாம்?
4. நம் தெருவில் ஊனமுற்ற பிள்ளை உள்ள வீடு எது? வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தத் தாயை யார் விடுவிக்கலாம்?
5. மத்தேயு 18-இல் ஆண்டவர் ஒரு பிள்ளையை நடுவே நிறுத்தினார். நம் குடும்பத் தீர்மானங்களில் பிள்ளை நடுவே நிற்கிறதா, ஓரத்தில் நிற்கிறதா?

ஜெபக் குறிப்புகள்

பிரசவ வார்டில் இரவுப் பணி செய்யும் செவிலியர்களுக்காக. குறையோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மாருக்காக. தத்தெடுத்து வளர்க்கும் பெற்றோருக்காக. பெண் பிறந்ததினால் வீட்டில் முகம் காணாத தாய்மாருக்காக. குழந்தைகள் நலக் குழுக்களில் தீர்மானம் எடுக்கிறவர்களுக்காக ஜெபியுங்கள்.

வெட்டவெளியில் கிடந்த பிள்ளையைக் கண்டு கடந்துபோகாத கர்த்தர், நம்மையும் கடந்துபோகாதவர்களாக்குவாராக.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்
தென்காசி